கருத்தை நீங்கள் எழுதுங்கள்: சட்ட மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் தடயவியல் மருத்துவத் துறைகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும், அங்கே பட்ட மேற்படிப்புப் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கும்,



உங்களில் பலரை நான் சாட்சிக்கூண்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். தென்மாவட்ட நீதிமன்றங்களில், இறந்தவர்களின் குடும்பத்தாருக்காக வழக்காடுபவன் நான். காவலில் இறந்தவர், புகுந்த வீட்டில் தீக்காயத்தோடு இறந்தவள், கிணற்றில் மிதந்தவர் என்று எந்த வழக்கானாலும் என் மேசைக்கு முதலில் வருவது நீங்கள் கையெழுத்திட்ட உடற்கூறாய்வுச் சான்றிதழ்தான். அந்தக் காகிதத்தை நாலாக மடித்து எடுத்துவருகிற தாயோ தகப்பனோ என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "டாக்டர் என்ன எழுதியிருக்காங்க?" காவல்துறை சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. நான் சொல்லப்போவதையும் அப்படியே ஏற்கப்போவதில்லை. மார்ச்சுவரிக்குள் நின்று அந்த உடலைப் பார்த்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதால் உங்கள் எழுத்தை நம்புகிறார்கள். அந்தக் கேள்விக்கு "டாக்டர் எழுதவில்லை, மென்பொருள் எழுதியது" என்று நான் பதில் சொல்லும் நாள் வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த மடல்.

செயற்கை நுண்ணறிவு உங்கள் துறைக்குள் வரத் தொடங்கிவிட்டது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்கேன் படத்தைக் கொடுத்தால் எலும்பு முறிவைக் குறித்துக் காட்டும், உடலில் பெருகும் நுண்ணுயிர்களை வைத்து இறந்த காலத்தைக் கணிக்கும், உங்கள் குறிப்புகளைக் கொடுத்தால் அறிக்கையையே எழுதி நீட்டும் என்கிறார்கள். இவற்றையெல்லாம் எதிர்க்க நான் வரவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 1990களின் கடைசியில் தொடங்கிய 'வர்டாப்சி' முயற்சி, சடலத்தைக் கீறுவதற்கு முன்பே சி.டி. ஸ்கேன் எவ்வளவு சொல்லும் என்று காட்டியது. டெல்லி எய்ம்ஸில் 2021இல் மெய்நிகர் உடற்கூறாய்வு மையம் திறந்தார்கள். பெற்ற பிள்ளையின் உடலைக் கூறு போடுவதை நினைத்தே உடைந்துபோகும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! கிணற்றுச் சாவுகளில் எலும்பு மஜ்ஜையில் டயட்டம் பாசி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் மணிக்கணக்காகத் தேடுகிறீர்கள். அந்தத் தேடலை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். விழுந்து செத்தாரா, கொன்று போட்டார்களா என்ற கேள்விக்கு விரைவில் விடை கிடைக்க அது உதவுமானால் முதலில் வரவேற்பவன் நானாகத்தான் இருப்பேன். சடலத்தில் பெருகும் நுண்ணுயிர்களை வைத்து இறந்த நாளைக் கணிக்கும் ஆய்வு 2024இல் 'நேச்சர் மைக்ரோபயாலஜி' இதழில் வந்தது. அமெரிக்காவின் மூன்று வெவ்வேறு இடங்களில் 36 மனித உடல்களை வைத்துச் செய்த அருமையான வேலை. அந்த 36இல் ஒன்றுகூட நம் சித்திரை வெயிலில் கிடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் கவலை வேறு. இறப்புக்குக் காரணம் என்ன, அது எவ்வகைச் சாவு என்று இயந்திரம் சொல்லப் பழகுமானால், யாரிடமிருந்து அதைப் பழகும்? உங்கள் துறையின் பழைய கோப்புகளிலிருந்து. அந்தக் கோப்புகளில் என்ன இருக்கிறது என்பதை நீங்களும் நானும் அறிவோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜார்ஜ் ஃபிளாய்ட் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய காவலரின் வழக்கு 2021இல் நடந்தபோது, மேரிலாந்தின் முன்னாள் தலைமை மருத்துவப் பரிசோதகர் எதிரித் தரப்புக்காகச் சாட்சி சொன்னார். அந்தச் சாவைக் கொலை என்று வகைப்படுத்த முடியாது, தீர்மானிக்க இயலாதது என்றே வகைப்படுத்துவேன் என்றார். நாடெங்கும் மருத்துவர்கள் கொதித்து எழுதினார்கள்: இவர் தலைமையில் இருந்த காலத்தில் காவலர்கள் பிடித்து அமுக்கி இறந்தவர்களின் கோப்புகளை எல்லாம் மறுபடி பாருங்கள் என்று. மேரிலாந்து அரசு அதற்கு இணங்கியது. வெளியிலிருந்து 12 தடயவியல் நோய்க்குறி வல்லுநர்களை அழைத்து, 87 சாவுகளின் கோப்புகளை, ஒவ்வொன்றையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கும்படி செய்தார்கள். 2025 மே மாதம் முடிவு வெளிவந்தது. 36 சாவுகளில் மூவருமே 'இது மனிதர் கையால் நேர்ந்த சாவு' என்றார்கள். இன்னும் ஐந்தில் இருவர் அப்படிச் சொன்னார்கள். பழைய சான்றிதழ்களில் இவையெல்லாம் விபத்தாகவோ, இயற்கைச் சாவாகவோ, தீர்மானிக்க இயலாததாகவோ கிடந்தன. பலவற்றில் 'எக்ஸைட்டட் டெலிரியம்' என்ற காரணம் எழுதியிருந்தது. வெறி ஏறித் தானாகவே செத்துப்போனார் என்று பொருள்படும் அந்தக் காரணத்தை, அந்நாட்டு மருத்துவப் பரிசோதகர்களின் தேசியச் சங்கமே 2023இல் கைவிட்டது.

இப்போது எண்ணிப் பாருங்கள். 2018இல் அந்த அலுவலகத்தின் சான்றிதழ்களை ஊட்டி ஒரு மென்பொருளைப் பழக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன் துல்லியத்தை எதை வைத்து அளந்திருப்பார்கள்? அதே அலுவலகத்தின் பழைய முடிவுகளை வைத்துத்தான். அந்த 36 சாவுகளைப் போல இன்னொன்று வரும்போது 'விபத்து' என்று சொல்லியிருக்கும், ஒவ்வொரு முறையும் 'சரியான விடை' என்று மதிப்பெண் வாங்கியிருக்கும். ஒரு மனிதரின் சாய்வு, பிறகு ஓர் அலுவலகத்தின் வழக்கம், அதன்பிறகு யாரும் கேள்வி கேட்காத கணினி முடிவு. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி பார்க்க முடிந்ததற்குக் காரணம், படங்களும் குறிப்புகளும் கோப்பில் அழியாமல் இருந்ததுதான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதை வைத்தே ஒன்று கேட்கப்போகிறேன்.

நம் கோப்புகள் மேரிலாந்துக் கோப்புகளைவிடச் சுத்தமானவை என்று உங்களில் யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்வீர்களா? 2009இல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேருக்கு மேல் என்று மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கைப்போல் ஆறு மடங்கு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், அதிலும் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள். கணக்கிலேயே வராதவர்கள் அத்தனை பேர் என்றால், கணக்கில் வந்தவர்களின் சான்றிதழில் இருக்கும் 'ஸ்டவ் வெடித்து', 'சேலையில் தீப்பற்றி' என்ற வரிகளை எந்த நம்பிக்கையில் ஓர் இயந்திரத்துக்குப் பாடமாக வைப்பது? கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமான வகையில் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வேண்டும் என்று சட்டம் சொல்வதே, வீட்டார் சொல்லும் கதையை நம்ப முடியாது என்பதால்தானே. அந்தச் சந்தேகத்தை இயந்திரத்துக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்?

காவல் சாவுகளுக்கு வருகிறேன். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையையும் மகனையும் அடித்துக் கொன்றபோது முதல் தகவல் அறிக்கை என்ன சொன்னது? அவர்களே தரையில் உருண்டு புரண்டதால் உட்காயம் ஏற்பட்டது என்றது. மடப்புரம் கோயில் காவலாளி 2025 ஜூனில் இறந்தபோது, தப்பி ஓட முயன்று வலிப்பு வந்து விழுந்தார் என்றார்கள். உடலில் 44 காயங்கள் என்று உடற்கூறாய்வு அறிக்கை சொன்னது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைப் பார்த்து அதிர்ந்து பேசியதை ஊரே கேட்டது. அந்த எண்ணிக்கை எப்படிக் கிடைத்தது? உங்களைப் போன்ற மருத்துவர்கள் குனிந்து நின்று, ஒவ்வொன்றாக அளந்து எழுதியதால் கிடைத்தது. வலிப்பு என்ற சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு மூளையை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அதற்காக உங்கள் துறைக்கு நான் என்றென்றும் கடன்பட்டவன்.

ஆனால் எல்லா மேசையிலும் அப்படி நடப்பதில்லை. காவல்துறை தரும் குறிப்பு உங்கள் கைக்கு முதலில் வருகிறது, உடல் பிறகுதான் வருகிறது. அந்தக் குறிப்பு உங்கள் கண்ணை இழுக்கிறது என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அமெரிக்காவில் 133 தடயவியல் நோய்க்குறி மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் ஒரே மாதிரிக் காயங்களைக் கொடுத்து முடிவு கேட்டார்கள். பாதிப் பேரிடம் வெள்ளைக் குழந்தை, பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார் என்றார்கள். மீதிப் பேரிடம் கறுப்பினக் குழந்தை, தாயின் காதலன் பார்த்துக்கொண்டிருந்தான் என்றார்கள். இரண்டாவது கதையைக் கேட்டவர்களில் கொலை என்றவர்கள் அதிகம். 2021இல் வெளியான அந்த ஆய்வை உங்கள் துறையினர் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதும் தெரியும். பின்னணித் தகவல் இல்லாமல் மருத்துவம் பார்க்க முடியாது என்ற அவர்கள் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. என்றாலும் மனிதக் கண்ணுக்கே இந்த நிலை என்றால், காவல்துறைக் குறிப்பையும் உங்கள் குறிப்பையும் ஒரே தட்டில் போட்டு அரைத்து 'நெஞ்சடைப்பு' என்று ஒரு வரி துப்பும் மென்பொருளை நான் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வேன்?

கருவிக்கென்றே சில குருட்டுப் பக்கங்களும் உண்டு. பிரிட்டனில் 182 சடலங்களை ஸ்கேன் செய்து, பிறகு உடற்கூறாய்வோடு ஒப்பிட்டு 2012இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். சி.டி. ஸ்கேன் சொன்ன காரணம் 32 விழுக்காட்டில் பெரிதாகப் பிசகியது, எம்.ஆர்.ஐ. 43 விழுக்காட்டில். படத்தைப் பார்த்தவர்கள் தேர்ந்த கதிரியக்க மருத்துவர்கள், இயந்திரம்கூட இல்லை. ரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறை வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் என் வழக்குகளில் முக்கியமானது எலும்பு இல்லை, தோலுக்கு அடியில் உறைந்த ரத்தம். உள்ளங்காலில் லத்தியால் அடித்த அடி மேலே ஒன்றும் காட்டாமலே போகலாம். கீறி, அடித்திசுவைப் பார்த்தால்தான் தெரியும். சித்திரவதைச் சந்தேகம் இருந்தால் அப்படிக் கீறிப் பார்க்க வேண்டும் என்று ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறை சொல்கிறது. கறுத்த தோலில் கன்றிப்போன காயம் வெறுங்கண்ணுக்கே எளிதில் தெரியாது என்பதால், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் எல்லா நிறத் தோலிலும் அதைக் கண்டுபிடிக்க இயந்திரத்தைப் பழக்கப் பாடுபடுகிறார்கள். நல்ல வேலை. அதே சமயம், வெளுத்த தோல்களின் படங்களில் மட்டும் பழகிய ஒரு கருவியை வாங்கி வந்து நம் மார்ச்சுவரியில் வைத்தால், அது 'காயம் இல்லை' என்று சொல்லும்போது கிடைக்கும் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது அறிக்கை எழுதித் தரும் மென்பொருள்தான். நம் சான்றிதழ்களில் ஏற்கெனவே வார்த்து வைத்த வாக்கியங்கள் அதிகம். இன்ன காரணத்தால் இறந்திருக்கலாம் எனத் தோன்றுகிறது, பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இறந்திருக்கலாம் என்று. எனக்கு நேர்ந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில் பரிசோதித்த இரண்டு உடல்களுக்கு மூளையின் எடை, நுரையீரலின் எடை, கல்லீரலின் எடை எல்லாம் வரி பிசகாமல் ஒன்றாக இருந்தன. தட்டச்சு செய்தவர் முந்தைய அறிக்கையின் மேல் பெயரையும் காயங்களையும் மட்டும் மாற்றியிருக்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியதும் மருத்துவர் தலைகுனிந்து நின்றார். உண்மையான காயங்களைப் பற்றி அவர் எழுதியிருந்ததும் சேர்ந்தே அடிபட்டுப்போனது. எதிரிகள் விடுதலை. அங்கே ஒரே எண் திரும்ப வந்ததால் பிடிபட்டது. மென்பொருள் எழுதினால் ஒவ்வோர் உடலுக்கும் வேறு வேறு எடையை, திறந்தே பார்க்காத உறுப்புக்கும் 'இயல்பாக இருந்தது' என்ற வரியை, வழுவழுவென்று எழுதிக் கொடுக்கும். பிடிக்கவே முடியாது.

நிபுணர் தன் முடிவை மட்டும் சொன்னால் போதாது, அதை நீதிமன்றம் தானே சோதித்துப் பார்க்க வேண்டிய அளவுகோல்களையும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல், இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்கள் பற்றிய ஒரு வழக்கில் சொன்னது. ஆப்பிள் விளைச்சலுக்கே அந்த அளவு கறார் என்றால் மனித உயிருக்கு? பாரதிய சாட்சிய அதினியமத்தின் 39ஆம் பிரிவு உங்கள் கருத்தைச் சாட்சியமாக ஏற்பது, அந்தத் துறையில் தேர்ந்தவர் நீங்கள் என்பதால். கருவி சொன்னதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் என்பதற்காக அல்ல. கூண்டில் ஏறி 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதும் நீங்கள்தான். மாவட்ட நீதிபதிகள் தீர்ப்புக்கோ முடிவுக்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கொள்கையே வகுத்துவிட்டது. நீதிபதிக்குக் கூடாது என்பதை, அந்த நீதிபதி நம்பியிருக்கும் மருத்துவர் மட்டும் எப்படிச் செய்யலாம்?

உங்கள் சிரமங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் வந்தால் மேசையில் வரிசையாக உடல்கள். வாசலில் அழுகையும் கூச்சலும். சீக்கிரம் கொடுங்கள் என்று ஒரு பக்கம் ஆய்வாளர், இன்னொரு பக்கம் ஊர்த்தலைவர். எழுத்தர் இல்லை, நல்ல விளக்கு இல்லை. கையால் எழுதிய சான்றிதழை நீதிமன்றத்தில் படிக்கவே முடியவில்லை என்ற குறை வேறு. பேசினால் தட்டச்சு செய்யும் கருவி இருந்தால் இரண்டு கையுறைக் கைகளோடு நின்றபடியே கண்டதைச் சொல்லிப் பதிவுசெய்யலாம். வேண்டும் என்று கேளுங்கள், உங்களுக்காக நானும் குரல் கொடுக்கிறேன். ஆட்கள் போதாததால் உடலைத் திறக்கும் வேலை முழுவதையும் சவக்கிடங்கு உதவியாளரிடம் விட்டுவிட்டுத் தள்ளி நின்று குறிப்பெடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காலங்காலமாகத் தீண்டாமையைச் சுமந்த சமூகங்களிலிருந்து வந்த அந்த மனிதர்களின் கைதான் கன்றிய சதையை முதலில் உணர்கிறது, ஆனால் அவர்கள் சொல்வது எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. இப்போது நடுவில் ஒரு திரையும் வந்துவிட்டால் மருத்துவர் உடலிலிருந்து இன்னும் ஓர் அடி விலகி நிற்பார்.

2020 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, காவல் சாவுகளில் உடற்கூறாய்வைத் தடயவியல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற குறைந்தது இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், உடல் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், தொடக்கம் முதல் முடிவு வரை காணொளி எடுக்க வேண்டும், குடும்பத்தார் உடலைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. பல குடும்பங்கள் கண்ணீரோடு நடந்து நடந்து வாங்கிய உரிமை அது. ஆள் பற்றாக்குறையைக் காட்டி, அந்த இரண்டாவது மருத்துவரின் இடத்தில் ஒரு மென்பொருளை உட்காரவைக்கும் ஆசை நிர்வாகத்துக்கு வரும். வரும்போது அதை மறுக்க வேண்டியவர்கள் நீங்கள். வெளியே இருந்து நாங்கள் மறுத்தால் அறிவியலுக்கு எதிரிகள் என்பார்கள்.

ஆகவே கேட்கிறேன். எந்தக் கருவி வந்தாலும் அது காட்டுவதைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் கண்டதையும் உங்கள் முதல் கருத்தையும் உங்கள் சொல்லில் எழுதி, நேரம் குறித்துக் கையெழுத்திடுங்கள். பிறகு கருவியைப் பாருங்கள். அது சொன்னதைக் கேட்டு மனம் மாறினால், ஏன் மாறினேன் என்று எழுதுங்கள். தப்பே இல்லை. கருவியின் பெயர், பதிப்பு, அதற்கு நீங்கள் கொடுத்தது, அது திருப்பித் தந்தது எல்லாம் அறிக்கையின் பகுதியாக இருக்கட்டும். காவல்துறையின் கதையை அதற்கு ஊட்டாதீர்கள். 'இறப்பின் காரணம் குறித்த கருத்து' என்ற பத்தியை அது எழுத ஒருபோதும் விடாதீர்கள். ஸ்கேன், படம், காணொளி எதையும் கருவிக்குள் போட்டுவிட்டு மூலத்தை அழிக்கக் கூடாது. மின்னணு ஆவணத்துக்குச் சாட்சிய அதினியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சரிபார்ப்பு எண்ணோடு அவை பாதுகாக்கப்பட வேண்டும், குடும்பத்தார் கேட்டால் நகல் கிடைக்க வேண்டும். இருபது வருடம் கழித்து வேறொரு பன்னிரண்டு பேர் வந்து உங்கள் முடிவைச் சரிபார்க்க முடிய வேண்டும்.

உங்கள் துறைகளின் பழைய கோப்புகளைப் பயிற்சிக்காக யாராவது கேட்டு வந்தால், காவல் சாவுகளையும் தீக்காயச் சாவுகளையும் வெளியாள் குழு ஒன்று மறுபடி பார்த்துத் திருத்தாத வரை தர மாட்டோம் என்று சொல்லுங்கள். அந்த மறு ஆய்வை அரசிடம் நீங்களே கேளுங்கள். மேரிலாந்தில் அதைத் தொடங்கிவைத்தது மருத்துவர்கள் எழுதிய கடிதம்தான்.

தனித்தனியாகச் சொன்னால் உங்களை இடமாற்றம் செய்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே எல்லாக் கல்லூரிகளின் தடயவியல் மருத்துவத் துறைகளும் சேர்ந்து, மேலே கேட்டவற்றை நிபந்தனைகளாக எழுதி, சுகாதாரத் துறைச் செயலாளருக்கும் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளி வெளிவந்தபின் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

நம்பிக்கையுடன்,
இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வழக்காடும் ஒரு வழக்கறிஞன்